வியர்க்காது, நிழல் கிடையாது, சாப்பாடும் பக்கத்தில் இல்லை: வெப்ப மண்டலக் கடற்பறவைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

பகல் 12 மணி. பசிபிக் பெருங்கடலில் கலாபகோஸ் தீவுகளில் ஒன்று. எரிமலைப் பாறையும் சரளைக்கல்லும் கிடக்கும் வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. அங்கே வெறும் தரையில் ஒரு வெள்ளைப் பறவை உட்கார்ந்திருக்கிறது. பெயர் பூபி. உடம்புக்குக் கீழே இரண்டு முட்டைகள்.

கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. எழுந்து போய் ஒரு முங்கு போட்டுவிட்டு வரலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால், அது அசையாது. அது எழுந்து போனால், அந்த வெயிலில் முட்டைக்குள் இருக்கும் கரு கொஞ்ச நேரத்தில் செத்துவிடும்.

கடற்பறவை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பனியில் நடுங்கும் பென்குவின்தான். அங்கே பிரச்னை, உடம்புச் சூட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பது. பூமத்திய ரேகையை ஒட்டி வாழும் பறவைகளுக்குப் பிரச்னை தலைகீழ். சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதற்குத் தண்ணீரும் சக்தியும் வேண்டும். சக்திக்குச் சாப்பாடு வேண்டும். அந்தச் சாப்பாடோ ரொம்ப தூரத்தில் இருக்கிறது.

சம்பளம் குறைவு, செலவு அதிகம் என்றால் நாம் எப்படிக் கணக்குப் போட்டு வாழ்வோமோ, அப்படித்தான் இவையும் வாழ்கின்றன. அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது, எப்போது உதைக்கிறது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

வியர்வை இல்லாத உடம்பு எப்படிக் குளிரும்?

பறவைகளின் சாதாரண உடல் வெப்பநிலையே ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்த அளவு இருந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். பறவைகளுக்கு அது நார்மல். ஆனால், அதற்கு மேல் நாலைந்து டிகிரி ஏறினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு சிக்கல், பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயிலில் காயும் வெப்ப மண்டலத் தீவின் மணல் 50 டிகிரியைத் தாண்டும். உடம்பைவிடச் சுற்றுப்புறம் சூடாக இருந்தால் வெப்பம் வெளியே போகாது, உள்ளேதான் வரும். அந்த நிலையில் உடம்பைக் குளிர்விக்க ஒரே வழி, தண்ணீரை ஆவியாக்குவது.

வியர்க்காத பறவை தண்ணீரை எப்படி ஆவியாக்கும்? நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சிரைப்பது ஒரு வழி. பல பறவைகள் அதைச் செய்கின்றன. ஆனால், வேகமாக மூச்சு வாங்க மார்புத் தசைகள் உழைக்க வேண்டும். அந்த உழைப்பே கொஞ்சம் சூட்டைக் கிளப்பும். ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் தேவைக்கு மேல் வெளியேறிவிடலாம்.

பூபி, ஃபிரிகேட் பறவை போன்றவற்றிடம் இன்னொரு உத்தி இருக்கிறது. கீழ் அலகுக்கு அடியில், தொண்டையில் மெல்லிய தோல் பை ஒன்று உண்டு. ரத்த நாளங்கள் நிறைந்த பகுதி அது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தோலை மட்டும் படபடவென வேகமாகத் துடிக்க வைக்கும். தொண்டையின் ஈரம் ஆவியாகும், அங்கே ஓடும் ரத்தம் குளிரும். ஆடுவது எடை குறைந்த தோல் என்பதால், முழு மார்பையும் அசைப்பதைவிட இதற்குச் சக்தி குறைவாகத்தான் தேவைப்படும்.

இதைப் பார்க்கக் கலாபகோஸ் வரை போக வேண்டியதில்லை. நம்ம ஊர் ஏரிகளில் இருக்கும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இதே வேலையைச் செய்பவைதான். வெயில் நேரத்தில் வாயைப் பிளந்தபடி அவற்றின் தொண்டை துடித்துக்கொண்டிருந்தால், பசி என்று நினைக்காதீர்கள். அதுதான் அவற்றின் ஏ.சி.

முதுகைக் காட்டி உட்காருவது ஏன்?

ஏ.சி. போடும் முன் ஜன்னல் திரையை இழுத்துவிடுவோம் இல்லையா? பறவைகளும் அதைத்தான் முதலில் செய்கின்றன.

ஜார்ஜ் பார்த்தலோமியூ என்ற அமெரிக்க உயிரியலாளர் கலாபகோஸில் மாஸ்க்டு பூபிகளைக் கவனித்து 1966-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கலாபகோஸில் இருக்கும் இந்தப் பறவைகளை இப்போது நாஸ்கா பூபி என்ற தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். அவர் சொன்ன முக்கியமான விஷயம் இதுதான்: வெயில் ஏற ஏற, பறவை தன் முதுகைச் சூரியனுக்குக் காட்டித் திரும்பி உட்காருகிறது.

பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால், அப்படி உட்கார்ந்தால் முகம், தொண்டைத் தோல், பாதம் எல்லாமே அதன் சொந்த உடம்பின் நிழலுக்குள் வந்துவிடும். இறகு மூடாத இந்தப் பகுதிகள் வழியாகத்தான் வெப்பம் எளிதாக வெளியேறும். அவற்றில் வெயில் பட்டால் அதே வழியில் வெப்பம் உள்ளே ஏறும். ஆகவே முதலில் அவற்றுக்கு நிழல். தோள்பக்க இறகுகளைத் தூக்கிவிடும். சிறகை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிடும். காற்று உள்ளே போய்வர வழி கிடைக்கும். முதுகில் இருக்கும் இறகுகள் கூரை மாதிரி. மேலே சுட்டாலும் கீழே தோல் வரை அந்தச் சூடு எளிதில் இறங்காது.

முட்டைக்கும் இதே கவனிப்புதான். பல பறவைகளுக்கு அடைகாக்கும் காலத்தில் வயிற்றில் ஓர் இடத்தில் இறகு உதிர்ந்து வெறும் தோலாகிவிடும். அந்தத் தோலை முட்டையில் ஒட்டிச் சூடு கொடுக்கும். பூபிக்கு அது கிடையாது. அகலமான பாதச் சவ்வால் முட்டையை மூடிக்கொள்கிறது. இரவில் அது முட்டைக்கு இதம். நண்பகலில் முட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தாயோ தகப்பனோ ஒரு குடை மாதிரி.

அடைகாப்பது என்றாலே சூடு கொடுப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே பாதி நேரம் சூடு படாமல் பார்த்துக்கொள்வதே வேலை. முட்டைக்குள் இருக்கும் கரு கொஞ்ச நேரக் குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அதிகச் சூட்டைத் தாங்காது. இறகு முளைக்காத குஞ்சுக்கும் பெற்றோரின் நிழல்தான் வீடு.

குளிர்ச்சிக்கான 'பில்' எவ்வளவு?

ஏ.சி. ஓடினால் கரண்ட் பில் எகிறும். தொண்டையைத் துடிக்க வைத்தால் தண்ணீர் பில் எகிறும்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். குளிர்விக்க அருமையான வழி. ஆனால், போன தண்ணீரைத் திரும்ப நிரப்ப வேண்டும். தீவில் குடிதண்ணீர் கிடையாது. சுற்றி இருப்பது கடல், அதில் 3.5 சதவீதம் உப்பு.

கடற்பறவைகள் கடல் நீரையே குடித்துச் சமாளிக்கும். கண்களுக்கு மேலே இருக்கும் உப்புச் சுரப்பிகள் ரத்தத்தில் சேரும் கூடுதல் உப்பைப் பிரித்து, கெட்டியான உப்புக் கரைசலாக வெளியேற்றும். அது அலகு வழியே சொட்டும். இந்தச் சுரப்பியின் வேலையை 1950-களின் பிற்பகுதியில் க்நூட் ஷ்மிட்-நீல்சன் குழு கண்டறிந்தது. அதற்கு முன்பு வரை, கடல்மேலேயே வாழும் பறவைகள் தண்ணீருக்கு என்ன செய்கின்றன என்பது பெரிய புதிராக இருந்தது.

இந்தச் சுரப்பி இயங்கவும் சக்தி வேண்டும். முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கோ எழுந்து போய்க் கடல் நீர் குடிக்கவும் வழியில்லை. ஜோடிப் பறவை இரை தேடிவிட்டுத் திரும்பும் வரை உடம்பில் இருக்கும் தண்ணீரையும் கொழுப்பையும் வைத்து ஓட்டியாக வேண்டும். வெயில் கூடக் கூட அந்த இருப்பு வேகமாகக் கரையும்.

பிறப்பிலேயே 'பவர் சேவிங் மோட்'

வருமானம் கம்மி என்றால் செலவைக் குறைப்பதுதான் வழி. வெப்ப மண்டலக் கடற்பறவைகளின் உடம்பே அப்படித்தான் செட் ஆகியிருக்கிறது.

எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் உடம்பு கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும். இதை அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் என்பார்கள். ஸ்க்ரீனை ஆஃப் செய்த பிறகும் போனில் சார்ஜ் மெதுவாகக் குறையும் இல்லையா, அதுபோல. பல கடற்பறவை இனங்களின் அளவீடுகளைத் தொகுத்து, ஹ்யூ எல்லிஸ் என்ற ஆய்வாளர் 1984-ல் ஒரு போக்கைக் காட்டினார். குளிர்ப் பிரதேசக் கடற்பறவைகளுக்கு இந்த வீதம் அதிகம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைவு.

இதில் இரட்டை லாபம். உள்ளே எரியும் அடுப்பு சின்னதாக இருந்தால், வெளியே தள்ள வேண்டிய சூடும் குறைவு. வேண்டிய சாப்பாடும் குறைவு.

குடும்பத்திலும் அதே சிக்கனம். சூட்டி டெர்ன் எனப்படும் கறுப்பு முதுகு ஆலா ஒரே ஒரு முட்டைதான் இடும். ஃபிரிகேட் பறவைக்கும் ஒன்றுதான். அதன் குஞ்சு பறக்கவே ஐந்தாறு மாதம் ஆகும். அதற்கப்புறமும் பல மாதங்கள் தாய் ஊட்டிவிடும். நாஸ்கா பூபி பெரும்பாலும் இரண்டு முட்டை இட்டாலும் வளர்ப்பது ஒரு குஞ்சைத்தான். இரண்டாவது முட்டை ஒரு இன்ஷூரன்ஸ். இரண்டும் பொரிந்துவிட்டால் மூத்த குஞ்சு இளையதைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும். கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால், இரண்டு வாய்க்குப் போட அங்கே இரை இல்லை.

பறக்க எவ்வளவு செலவாகும்?

பறவையின் வாழ்க்கையில் சக்தியை அதிகம் விழுங்கும் வேலை, சிறகடித்துப் பறப்பது. பல பறவைகளுக்கு அது ஓய்வு நேரச் செலவைப்போல 10 மடங்கைத் தாண்டும்.

எலிசபெத் ஃபிளின்ட், கென்னத் நேகி இருவரும் வடமேற்கு ஹவாய் தீவுகளில், பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸ் பவளத்தீவில் சூட்டி டெர்ன்களை ஆராய்ந்தார்கள். பறக்கும் பறவையின் செலவை எப்படி அளப்பது? எடை கூடிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைப் பறவையின் உடம்பில் கொஞ்சம் செலுத்திவிட்டு, சில நாள் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து செலவான சக்தியைக் கணக்கிடலாம்.

1984-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சூட்டி டெர்ன் பறக்கச் செலவழிப்பது அடிப்படைச் செலவைப்போல 4.8 மடங்கு மட்டுமே. ஏறக்குறைய 200 கிராம் எடைக்கு நீளமான, ஒடுங்கிய சிறகுகள். காற்றின் போக்கைப் பயன்படுத்தும் லாகவம். இளம் பறவைகள் இனப்பெருக்கத்துக்காகத் தீவு திரும்பும் வரை ஆண்டுக்கணக்கில் கடல்மேலேயே திரிவதற்கு இந்தச் சிக்கனம்தான் கைகொடுக்கிறது.

ஃபிரிகேட் பறவை இதிலும் ஒரு படி மேலே. சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல், எடையோ ஒன்று முதல் ஒன்றரை கிலோதான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கடற்பறவையின் இறகு நீர் ஒட்டாத இறகு கிடையாது. கடலில் இறங்கினால் நனைந்து, மேலே எழும்ப முடியாமல் போய்விடும். எனவே கடலுக்கு மேலேயே மிதந்தாக வேண்டும்.

பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்ரி வைமர்ஸ்கிர்ஷ் குழு, மொசாம்பிக் கால்வாயில் இருக்கும் யூரோப்பா தீவின் ஃபிரிகேட் பறவைகளில் கருவிகளைப் பொருத்தி 2016-ல் முடிவுகளை வெளியிட்டது. இளம் பறவைகள் தொடர்ந்து இரண்டு மாதம் வரை தரையிறங்காமல் பறந்திருந்தன. மேகத்துக்குள் நுழைந்து, மேலெழும் காற்றில் 4,000 மீட்டர் உயரம் வரை ஏறி, அங்கிருந்து சிறகை அசைக்காமல் சறுக்கி இறங்கின. இதயத் துடிப்பைப் பதிவு செய்த கருவிகளும் உழைப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டின. அதே ஆண்டு கலாபகோஸில் நடந்த இன்னொரு ஆய்வில், பறக்கும்போது இவை ஒரு நாளைக்குச் சராசரியாக 42 நிமிடம்தான் தூங்கின. தரைக்கு வந்ததும் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கித் தீர்த்தன!

இங்கே கவனிக்க வேண்டியது: இவற்றைத் தூக்கிவிடும் காற்றோட்டம், கடலின் சூடு காற்றைவிடக் கூடுதலாக இருப்பதால் உருவாவது. தரையில் முட்டையை வாட்டும் அதே வெப்பம், வானத்தில் இலவச லிஃப்ட்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு?

வெப்ப மண்டலக் கடல் போட்டோவில் நீலமாக, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். உண்மையில் அந்தத் தெளிவு, கடலில் சத்து குறைவு என்பதன் அடையாளம். மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீர் ஒரு மூடி போல அமர்ந்திருப்பதால், ஆழத்துக் குளிர்ந்த நீரில் இருக்கும் சத்துகள் மேலே வருவது குறைவு. நுண்ணுயிர்ப் பாசி குறைவு, அதனால் மீனும் குறைவு. இருப்பதும் ஆங்காங்கே திட்டுத் திட்டாக.

அந்தத் திட்டுகளிலும் மீன் பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும். அதை மேலே கொண்டுவருவது சூரை மீன் கூட்டம். சூரை துரத்தும்போது சின்ன மீன்களும் கணவாய்களும் தப்பிக்க மேற்பரப்புக்கு வந்து துள்ளும். சூட்டி டெர்ன், பூபி, ஃபிரிகேட் எல்லாம் அந்த நேரத்தில் மேலிருந்து கொத்தும். லட்சத்தீவு மீனவர்கள் கடலில் பறவைக்கூட்டம் வட்டமிடுவதைப் பார்த்துச் சூரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது இதனால்தான். சூரை குறைந்தால் பறவைக்கும் இரை எட்டாது.

கணக்கு உதைத்தால் என்ன ஆகும்?

1982-83-ல் வந்த எல் நினோ அதைக் காட்டியது. மத்திய பசிபிக்கில், இப்போதைய கிரிபாட்டி நாட்டில் இருக்கும் கிரிட்டிமாட்டி தீவு, கடற்பறவைகளின் பெரிய தாய்வீடு. எல் நினோ காலத்தில் கடலின் வெதுவெதுப்பான மேலடுக்கு தடித்தது. சத்துள்ள நீர் மேலே வருவது தடைபட்டது. மீனும் கணவாயும் பறவைக்கு எட்டாத இடத்துக்குப் போயின.

அந்தத் தீவை ஆராய்ந்துகொண்டிருந்த ரால்ஃப் ஷ்ரைபரும் பெட்டி ஆன் ஷ்ரைபரும் 1982 இறுதியில் பார்த்தது, பெரிய பறவைகள் கிட்டத்தட்ட எல்லாமே கைவிட்டுப்போன ஒரு தீவை. குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியில் இறந்துகொண்டிருந்தன. அந்தப் பருவத்தில் இனப்பெருக்கம் முழுத் தோல்வி.

பெற்றோர் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. இந்தப் பறவைகளில் பல 30 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியவை. ஒரு வருடக் குஞ்சை இழந்தாலும், பெரியவை பிழைத்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். கடல் பழைய நிலைக்குத் திரும்பியதும் பறவைகளும் திரும்பத் தொடங்கின. எப்போதாவது வரும் நஷ்டத்தைத் தாங்கும் கணக்கு அது. அடிக்கடி நஷ்டம் வந்தால் அந்தக் கணக்கு நிற்காது.

கடல் சூடாவது இந்தப் பறவைகளை இரண்டு பக்கமும் நெருக்குவது இப்படித்தான். கூட்டில் இருக்கும் பறவைக்கு வெயில் கூடுகிறது, தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது. இரை தேடப்போன ஜோடி, தூரம் அதிகமானதால் திரும்பத் தாமதமாகிறது. ஒரு கட்டத்தில், உட்கார்ந்திருக்கும் பறவை தன் உயிரா, முட்டையா என்று முடிவெடுக்க வேண்டிவரும்.

இடமும் சுருங்குகிறது. சூட்டி டெர்ன் ஆய்வு நடந்த அதே பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸில் இருந்த ஈஸ்ட் ஐலண்ட் என்ற மணல் தீவை, 2018 அக்டோபரில் வாலாகா சூறாவளி ஏறக்குறைய முழுசாகவே அடித்துக்கொண்டு போனது.

இதில் நாம் என்ன செய்ய முடியும்?

கடல் வெப்பத்தை ஒரு ஆள் குறைக்க முடியாது. ஆனால், சின்னச் சின்ன விஷயங்களுக்கும் இந்தக் கணக்கில் இடமிருக்கிறது. பசிபிக்கின் பால்மைரா பவளத்தீவில் முட்டையையும் குஞ்சையும் தின்றுவந்த எலிகளை 2011-ல் முழுமையாக ஒழித்தார்கள். பறவையின் செலவுப் பட்டியலில் ஒரு வரி குறைந்தது.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட தீவு உண்டு. லட்சத்தீவில் கவரத்திக்கு அருகே இருக்கும் பிட்டி, செடிகொடி இல்லாத குட்டித் திட்டு. சூட்டி டெர்ன், பிரவுன் நாடி, பெரிய கொண்டை ஆலா ஆகியவை அங்கே வெறும் தரையில் முட்டையிடும். அதனால்தான் அது பறவைகள் சரணாலயம். இதுபோன்ற எந்த இடத்திலும் ஒரு செல்ஃபிக்காக நெருங்கினாலோ, ட்ரோனைத் தாழ்வாக ஓட்டினாலோ கூட்டமே எழும்பிப் பறக்கும். நமக்கு அது பத்து நிமிட வீடியோ. நிழலில்லாத முட்டைக்கு அது பத்து நிமிட நண்பகல் வெயில்.

இன்னொன்று. பருவமழைக் காற்றிலும் புயலிலும் சிக்கிய சூட்டி டெர்ன் போன்ற பறவைகள் சோர்ந்துபோய் நம் கடற்கரைகளில் ஒதுங்குவது உண்டு. பார்த்தால், 'கடற்பறவைதானே' என்று தூக்கித் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள். அதன் இறகு நனைந்தால் தாங்காது. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றோட்டமான அட்டைப் பெட்டியில், நிழலில் வைத்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கைவசம் கொழுப்பும் தண்ணீரும் தீர்ந்து கரைக்கு வந்த பறவைக்கு அந்த நேரத்தில் வேண்டியது இரண்டுதான்: கொஞ்சம் நிழல், யாரும் தொந்தரவு செய்யாத கொஞ்ச நேரம்.